ராக்கம்மாவின் மழைச்சட்டை

திகன
3.6.1996

அன்புள்ள யசோதா,

நலம்தானே? எனக்கு இங்கே கால் தரையில் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மழைச்சட்டை தைத்து விற்கப் போகிறேன். பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தாயிற்று. தையல் ஆலை வேலையை விடுவதற்கு ராஜினாமாக் கடிதமும் கைப்பையில் தயார். முதல் சட்டையை அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் நிறம், தலைக்குத் தொப்பி, கழுத்தில் பூவேலை. நீ படிப்பிக்கும் தோட்டத்தில் யாருக்காவது கொடுத்து, எப்படி என்று கேட்டு எழுது. இன்ஷா அல்லாஹ், இருநூறு தைப்பேன்.

உன் பள்ளித்தோழி
றமீஸா

புசல்லாவை
14.6.1996

அன்புள்ள றமீஸா,

பெயர்ப்பலகையா? போன வருடம் என் மெழுகுதிரிக் கம்பனிக்கும் முதலில் வந்தது பலகைதான். வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை. அந்தக் கடிதம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

சட்டையைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் ராக்கம்மாவுக்குக் கொடுத்தேன். "ரொம்ப அழகா இருக்குங்க டீச்சர்" என்றாள். லயமே புகழ்ந்தது. ஆனால் நேற்றுக் கொட்டிய மழையில் பழைய பொலித்தீனைப் போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். ஏன் என்று கேட்டேன்.

"நனைஞ்சா வீணாப் போயிருங்களே!"

சட்டை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. திருவிழாவுக்குப் போடுவாளாம்.

எத்தனை பேர் நல்லது என்றார்கள் என்று கேட்காதேடி. இரண்டாவது நாளும் போட்டாளா என்று கேள். ஒரு நாள் வந்து அவளோடு மலையில் நின்று பார்.

யசோதா

திகன
2.7.1996

அன்புள்ள யசோதா,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் கோபத்தில் இருந்தேன். ஆனாலும் லீவு போட்டு அங்கே வந்து ராக்கம்மாவோடு மலையில் நின்றது நல்லதாய்ப் போயிற்று. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவார்கள் என்று தெரியாமல் தொப்பி வைத்துத் தைத்தேனே, வெட்கம்! மழையில் நான் வழுக்கி விழுந்ததற்கு ராக்கம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

இதோ இன்னொன்று. தொப்பி இல்லை, பூ இல்லை, அசிங்கமான கறுப்பு. பயப்படாமல் நனைக்கச் சொல். இதுவும் பெட்டிக்குள் போனால், நான் ஆலையிலேயே இருந்துவிடுகிறேன்.

றமீஸா

புசல்லாவை
11.7.1996

என் அருமை றமீஸா,

நேற்று ராக்கம்மா வாசலில் நின்று ஒரே சத்தம். ஐந்து நாள் விடாமல் போட்டதில் கூடை உரசி, தோளில் தையல் விட்டுவிட்டது.

"இதெல்லாம் ஒரு தையலா? அந்தப் புள்ளய இரட்டைத் தையல் போடச் சொல்லுங்க. இது இல்லாம நாளைக்கு எப்படி மலைக்குப் போறது?"

அவளோடு பறிக்கும் இருபது பேருக்கும் வேண்டுமாம், இந்த வாரமே.

அழகு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையடி! ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடு.

யசோதா