கரைவது எது

மரக்காணம்
9.5.2005

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று வழக்கம்போல் தொடங்க முடியவில்லை. உன் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. பாண்டி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். 23ஆம் தேதி திங்கட்கிழமை ஆபரேஷன். வர மாட்டேன் என்கிறாள். உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். தண்ணீர் பிடிக்கப் போனவள் வருவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் நான்தான். மாசியில் நீ புனேயிலிருந்து போட்ட கடிதம் நினைவிருக்கிறதா? மார்புக் கட்டியை வெட்டி எடுத்த இடத்தில் மருந்து ஊறிய ஜெல்லை வைப்போம், அது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுத் தானே உடம்புக்குள் கரைந்துவிடும், இப்போதைக்கு எலிக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாய். அன்று பகல் முழுக்க உப்பளத்தில் நின்று, உப்பு வெளிச்சத்தில் கண் கூசிப்போயிருந்தது. கண்ணாடியைத் தேடச் சோம்பல். பாதியை விட்டுவிட்டு, "கட்டி மேல வச்சா கரைஞ்சிடுமாம்டி, நம்ம பொண்ணு கண்டுபுடிச்சிருக்கா" என்று பெருமையாக வாசித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளை நினைத்துச் சந்தோஷம் என்று நினைத்தேன், மடையன்.

அப்போதே அவளுக்குக் கட்டி இருந்தது, கலை. உன் மருந்து வந்துவிடும் என்று இரண்டரை மாதம் வாய் திறக்கவில்லை. உப்புக் கூடையைத் தூக்கக் கை ஏறாமல் போன பிறகுதான் சொன்னாள்.

இப்போது கண்ணாடி போட்டுச் சரியாக வாசித்துக் காட்டினால், "என்னை கத்திக்கு அனுப்பணும்னு மாத்திப் படிக்கிறீங்க" என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை திடீர் மழையில் வாரி வைத்த உப்பு பாதி கரைந்தது. எனக்கு வயிறு எரிகிறது. இவளோ, "பாத்தீங்களா, எவ்ளோ பெருசா இருந்தாலும் கரையத்தான் செய்யுது" என்கிறாள். "காய்ஞ்சா திரும்பி வரும்டி, இத்தன வருஷம் அளத்துல என்னத்த பாத்த?" என்று கத்திவிட்டேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளத்துக்குக் கிளம்புகிறேன், பாதி வழியில் திரும்பி வருகிறேன்.

போனில் சொல்லலாம் என்று நினைக்காதே. சாப்பிட்டியா என்று கேட்பாள், பில் ஏறுது என்று வைத்துவிடுவாள். கடிதமும் வேண்டாம், வாசிக்கப் போகிறவன் நான்தானே. உன் எலிகள் ஒரு வாரம் காத்திருக்கட்டும். ஜெல்தான் கரையும், கட்டி கரையாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீயே சொல்.

உன் வேலை பலிக்கட்டும். வேறு யாரோ ஒரு அம்மாவுக்காவது அது நேரத்துக்குக் கிடைக்கட்டும். 23க்கு முன்னால் வந்துவிடம்மா. அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. கண் கெட்டுப்போனது எனக்குத்தான்.

உன் அப்பா
அ. கன்னியப்பன்