ஆறாவது எழுத்து

மார்ச் 13, வியாழன்

மாடல் செய்கிற எங்கள் கிளப்பில் மூன்று பேர் இன்று என்னோடு பேசவில்லை. அவர்கள் செய்த குட்டி விமானங்களை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், அதுதான் குற்றம். சொரசொரப்பான பெயிண்ட் மேல் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் ஸ்டிக்கரை வைத்தால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும், சாய்வாக வெளிச்சம் விட்டால் வெள்ளிபோல் மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கால், நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷ். இருபது வருடமாகப் போட்டிக்கு நடுவராக இருந்து கத்துகிறேன். கிளப் செயலாளர் தோர்கில் சிரித்தான். "ஜட்ஜம்மா, நீ கல்யாண வீட்டுக்குப் போனாலும் டார்ச்சோடதான் போவியா?"

போவேன்.

மார்ச் 20, வியாழன்

ஐவின் தன் ஹெலிகாப்டரை ரொட்டி டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தான். இருபத்திரண்டு வருடம் வடகடல் மேல் இதே மாதிரி சிவப்பு ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் தொங்கி, தத்தளித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றியவன். போன அக்டோபரிலிருந்து வலது கை நடுங்குகிறது. டாக்டர் ஏதோ பெயர் சொன்னாராம். அதை எங்களிடம் சொல்லவில்லை, இதுதான் தன் கடைசி மாடல் என்று மட்டும் சொன்னான்.

வாலில் 'ரெஸ்க்யூ', ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. டெக்கால் தாள் பழசு, இடையிடையே மஞ்சள் பூத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனியே வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, தனித்தனியே நழுவவிட்டு ஒட்டியிருக்கிறான். நான்கு மாதம். ஒன்றுகூட நேராக இல்லை. நான் வாயே திறக்கவில்லை, எனக்கே ஆச்சரியம்.

மேட் வார்னிஷ் அடிப்பது மட்டும் என் வேலை. ஸ்ப்ரே என்னிடம்தான் இருக்கிறது, அந்தக் கையால் அது ஆகவும் ஆகாது.

"கடைசி எழுத்த இன்னிக்குக் காலைலதான் வச்சேன். டெக்கால இளக்குற மருந்து அடியில இன்னும் ஈரமா இருக்கும். ஞாயித்துக்கிழம வரைக்கும் தொடாத."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"உனக்குத்தான் சொல்லணும். அவசரக்குடுக்கை நீ."

மார்ச் 21, வெள்ளி

மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் மழை இல்லை. காற்றில் ஈரம் இருந்தால் வார்னிஷ் வெளுத்துப்போகும். நாளையிலிருந்து மறுபடி மழை என்றது வானொலி. கடைசி எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. அடித்துவிட்டேன்.

ஐந்து எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது சுருங்கியது. பாலாடை சுருங்குகிற மாதிரி, என் கண்முன்னாலேயே.

என்னடி பண்ணி வச்சிருக்க. ஞாயித்துக்கிழமன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னானே. ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?

மார்ச் 22, சனி

ஐவின் இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை. மழையும் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

சுருங்கிய எழுத்து சரியாக ஒட்டியே இருக்கவில்லை, செல்லோடேப் வைத்து இழுத்ததும் வந்துவிட்டது. என் அலமாரியில் இதே மாடல் பிரிக்காத பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் தாளிலிருந்து அந்த எழுத்தை வெட்டி ஒட்டினேன். இந்தத் தடவை இரண்டு நாள் பொறுக்கப்போகிறேன், வெட்கங்கெட்டவள்.

ஐவினிடம் சொல்லிவிடலாமா? போன வாரம் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தான். இன்னொரு முறை அவனால் இதை ஒட்ட முடியாது — அதனால் சொல்லாமல் இருப்பது அவனுக்காகத்தான் என்று எழுதலாம். பொய். எனக்காகத்தான். ஊர் மாடலையெல்லாம் டார்ச் அடித்துக் குறை சொல்கிறவள் நான்.

மார்ச் 27, வியாழன்

ஹெலிகாப்டரைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வாலைப் பார்த்தான். "வார்னிஷ் நல்லா விழுந்திருக்கு," என்றான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றவில்லை.

ஏப்ரல் 12, சனி

கண்காட்சி. துறைமுகம் பக்கத்து விளையாட்டரங்கில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் முன்னால் ஓர் அட்டை, அதில் ஒரு கட்டம்: 'முழுக்க என் கைவேலை.' டிக் இருந்தால்தான் போட்டி, இல்லாவிட்டால் வெறும் பார்வைக்கு. வார்னிஷ் மட்டும் வேறு யாரும் அடிக்கலாம், அது கணக்கில் வராது. ஐவின் அட்டையில் டிக் இல்லை.

"மறந்திருப்பான். நீயே போட்டுடு ஜட்ஜம்மா, பரிசு அவனுக்குத்தான," என்று தோர்கில் பேனாவை நீட்டினான்.

அதை வாங்கக் கை வரவில்லை. காபி விற்கிற மேசையருகே ஐவின் தனியாக நின்றிருந்தான். அங்கே போனேன்.

"கட்டத்துல டிக் போடல நீ."

"முழுக்க என் கைவேலை இல்லையே."

"எப்போ தெரிஞ்சுது?"

"நீ குடுத்த அன்னிக்கே. அஞ்சு எழுத்து குடிச்சவன் மாதிரி நிக்குது. ஆறாவது மட்டும் போலீஸ்காரன் மாதிரி வெறப்பா நிக்குது. என் கைக்கு இப்போ அப்படி வராது, இங்கெலிஸ்."

கோணலாக வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தாறு வருடம் பல்செட் செய்தவள் நான். ஏமாற்றும்போதுகூட நேராகத்தான் வைத்து ஏமாற்றியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையே அடித்ததைச் சொன்னேன்.

"எழுத்து போனதுக்குக் கோவம் இல்ல. என்னால இன்னொரு தடவ முடியாதுன்னு நீயா முடிவு பண்ணிட்ட பாரு. அதுக்குத்தான்."

அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். பிறகு தோர்கிலிடம் நடந்ததைச் சொல்லி, இந்த வருடத் தீர்ப்பிலிருந்து விலகிக்கொண்டேன். முதல் பரிசு ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போனது. அதில் டெக்காலே கிடையாது.

ஏப்ரல் 24, வியாழன்

கிளப்புக்குப் போகவில்லை. ஐவின் வீட்டுச் சமையலறையில் இருந்தோம், அவன்தான் கூப்பிட்டான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் என் எழுத்தைத் துடைத்தெடுத்து, அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவைத்தேன். என் தாளில் அதே எழுத்து இன்னும் ஒன்று இருந்தது, அதை வெட்டிக் கொடுத்தேன்.

முழங்கையை மேசையில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வைத்தான். எழுத்து இரண்டு முறை வேறெங்கோ நழுவியது. என் கை தானாக நீண்டது.

"கைய எடு."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஐம்பது நிமிடம். வெட்டி வைத்த கறுப்பு ரொட்டியையும் ஹெர்ரிங் மீனையும் யாரும் தொடவில்லை.

"நேரா இருக்கா?"

"இல்ல. இடது பக்கம் சாயுது."

"அப்போ சரி. வார்னிஷ் எப்போ?"

"ஞாயித்துக்கிழம."

ஏப்ரல் 25, வெள்ளி

நல்ல வெயில். காற்றும் காய்ந்து கிடக்கிறது. ஹெலிகாப்டர் என் வீட்டு மேசையில் இருக்கிறது. தொடவில்லை.

ஏப்ரல் 26, சனி

நாளை மழை என்கிறது வானொலி. தொடவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் மழை. மத்தியானம் நின்றது, காற்று உலர மாலை நான்கு மணிவரை காத்திருந்து அடித்தேன். ஐவின் வாசல்படியில் நின்று பார்த்தான். எதுவும் சுருங்கவில்லை.

மே மாதம் இன்னொரு கண்காட்சி இருக்கிறது, அதற்கு இங்கேயே உட்கார்ந்து அட்டை எழுதினான். டிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வேறு அட்டை தரவா என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. வாங்கி ஹெலிகாப்டர் பக்கத்தில் வைத்தேன்.