உறை பிரிக்காத நாற்காலி

அன்பு மகளுக்கு,

புதிதாகக் கம்பெனி தொடங்கிய இளைஞர்களோடு பேசும் யூடியூப் நிகழ்ச்சியில் நீ வந்ததைப் பக்கத்துக் கடை பெஞ்சமின்தான் காட்டினான். ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறாய். என்னோடு ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம் பேசுவாய். குறை சொல்லவில்லை.

செயற்கைக்கோளைப் பற்றி நீ சொன்னதில் பாதி புரியவில்லை. நடுவில் இரண்டு முறை இருமினாய். மருந்து சாப்பிட்டாயா?

"செயற்கைக்கோள் மேல போகலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் பேட்டி எடுத்தவர்.

"என்ன செய்ய? ஐந்தருவிக்குப் போயி எங்கப்பா துண்டுக்கடையில உக்காந்துருவேன்" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார்.

அந்த இடத்தை மட்டும் நாலைந்து தரம் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

சீசன் முடிந்துவிட்டது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் மறுநாளே தென்காசிக்குப் போய் இன்னொரு நாற்காலி வாங்கி வந்தேன்.

"யாருக்கு அண்ணாச்சி இது?" என்றான் பெஞ்சமின்.

"ஏலே, ஆளு வந்தா உக்கார வேண்டாமா?" என்றேன்.

உன் செயற்கைக்கோள் நல்லபடியாக மேலே போக வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். நாற்காலியின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. தினமும் துடைக்க மட்டும் செய்கிறேன்.

உன் அப்பா