கடைசிக் காட்சிக்குச் சம்மதம் இல்லை

ஊர்ச் சுவரிலெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும் என் தம்பிக்கு, அண்ணன் தன் கையாலேயே எழுதுவது.

இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே உன் முகத்தை ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். பல்லும் இருக்கிறது, முடியும் இருக்கிறது. உனக்கென்ன குறை?

யார் எழுதிக் கொடுத்தது என்று காகிதத்தைத் திருப்பிப் பார்க்காதே. நானேதான் எழுதுகிறேன். நூலகத்தில் வயதானவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் சாயங்கால வகுப்பு நடக்கிறது. தையல் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போய் வருகிறேன். ஒரு வரி எழுத, ஒரு காலர் தைக்கிற நேரம் ஆகிறது. ஆனால் என்ன சுகம் தெரியுமா! நினைத்ததை நினைத்தபடியே திட்டலாம். இடையில் ஆள் இல்லை.

இத்தனை காலம் இடையில் என் மருமகள் இருந்தாள். நீ உன் நாடகத்துக்கு டிக்கெட் அனுப்புவாய். நான் திருப்பி அனுப்பச் சொல்வேன். "உன் கூத்தைப் பாக்க நான் செத்தாலும் வரமாட்டேன்னு எழுதும்மா" என்பேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதுவாள். என்ன எழுதினாள் என்று இப்போது அவளே சொல்லித்தான் தெரிகிறது. "மாமாவுக்கு முழங்கால் வலி, அடுத்த முறை கட்டாயம் வருவார்" என்று எழுதியிருக்கிறாள். கேட்டால், "நீங்க சொன்னதை எழுதியிருந்தா தபால் பெட்டியே பத்திக்கிட்டிருக்கும் மாமா" என்று சிரிக்கிறாள். என் முழங்கால் இரும்பு மாதிரி இருக்கிறது. தெரிந்துகொள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வாழ்க்கையையே பாட்டு நாடகமாகப் போடுகிறாயாம். அதில் நானும் வருகிறேனாம். அதற்கு என் சம்மதம் வேண்டுமாம். உன் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். ஒரு கையில் நாடகப் பிரதி, இன்னொரு கையில் மை டப்பா. "பெரியவரே, இங்க ஒரு கைநாட்டு வச்சாப் போதும். உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் எழுதியிருக்கு" என்றார். "வச்சிட்டுப் போங்க, படிச்சுப் பாக்கறேன்" என்றேன். படிக்கப் போவது யார் என்று அவர் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தார் பார், அதற்காகவே நூறு தடவை எழுத்துக் கூட்டலாம்.

விரல் வைத்து வரி வரியாக முழுவதையும் படித்துவிட்டேன். என்னடா புளுகு இது!

காஜா எடுக்கும் பையனாக நீ என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாட்டைப் பாடுகிறாய். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள். யார் தட்டினார்கள்? "பாட்டை நிறுத்திட்டுச் சட்டையை எப்பத் தருவேன்னு சொல்லு" என்றுதான் கேட்டார்கள். நீ எடுத்த காஜாவில் ஒரு பட்டனாவது ஒழுங்காக நுழைந்திருக்குமா?

அப்புறம் அந்தக் கோட்டு. ஒருவர் தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணியை எடுத்து, உன் முதல் வேஷத்துக்கு நீ கோட்டு தைத்துக்கொண்டாய். நாடகத்தில் நான் பேய்ச் சிரிப்புச் சிரித்து, கத்தரிக்கோலால் அதைத் தாறுமாறாக வெட்டுகிறேன். அடேய், அது அடுத்தவர் துணி. வெட்டுவேனா? உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நீ எதிரே நின்று, "விட்டுடுண்ணா, இன்னிக்கு ஒருநாள் மட்டும்ணா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாய். நான் தலை நிமிரவில்லை. கோட்டு மறுபடி துணியாகிற வரை பிரித்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். கத்தரிக்கோலைவிட அது கொடுமை இல்லையா? அதைப் போடச் சொல். உன் எழுத்தாளருக்கு ஒரு வில்லனைக்கூட உருப்படியாக எழுதத் தெரியவில்லை.

அன்று போனவன்தான் நீ. கும்பலோடு நின்று பாடியது, கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிய அன்று உனக்கு வேஷம் கிடைத்தது, இசைத்தட்டு, சொந்தக் கம்பெனி, பதக்கம் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. அதெல்லாம் நிஜமாக இருக்கலாம். நான் பார்க்கவில்லை. நம் ஊருக்கு வந்து நீ ஆடியபோது தெருவே காலி. ஒலிபெருக்கிச் சத்தம் கடை வரைக்கும் வந்தது. அந்தப் புழுக்கத்திலும் ஜன்னலைச் சாத்தினேன். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா காலர்தான் கழுத்துல உக்காரலை" என்றாள். ஒரு வாரம் எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மா போனபோது நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாடகத்தில் நான் கதவைத் திறந்து கதறுகிறேன். நான் திறக்கவில்லை. "கடைசிப் பாட்டு முடிஞ்சப்புறம்தான் எனக்கே சொன்னாங்கண்ணா" என்று வெளியே நின்று நீ சொன்னது கேட்டது. நம்பவும் செய்தேன். இருந்தும் திறக்கவில்லை. அந்தக் கதவு சாத்தியபடியே இருக்கட்டும். உன் இஷ்டத்துக்குத் திறக்காதே.

இனி கடைசிக் காட்சி. அதில் கிழவனான உன்னை நீயே நடிக்கிறாய். முன் வரிசையிலிருந்து நான் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு மேடையேறி, "நீதான்டா ஜெயிச்சே" என்று உன்னைக் கட்டிக்கொள்கிறேன். சபையே எழுந்து நிற்கிறது. திரை விழுகிறது.

இது என்றைக்கு நடந்தது? நான் எந்த மேடையில் ஏறினேன்? எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் கட்டைவிரலை உருட்டியிருப்பேன். நடக்காத ஒன்று நடந்ததாகவே முடிந்து போயிருக்கும். இந்தக் காட்சிக்கு மட்டும் என் கையெழுத்து கிடைக்காது.

எனக்கு வேஷம் போடுகிறவர் யார் என்று டைக்காரரிடம் கேட்டேன். சம்பளத்துக்கு நடிக்கிற ஆளாம், நல்ல உயரமாம். திங்களைத் தவிர தினமும் ஆட்டமாம். எவனோ ஒருவன் தினம் தினம் வந்து, அண்ணன் என்று சொல்லிக்கொண்டு உன்னைக் கட்டிப்பிடிப்பான். நீயும் கண்ணை மூடி அவன் தோளில் சாய்வாய். திரை விழுந்ததும் அவன் ஒட்டு மீசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். அவனுக்கு என்னடா பாத்தியதை? நான் இன்னும் சாகவில்லை.

உனக்கு இருமல் விடவே இல்லை என்றும் டைக்காரர் சொன்னார். வெந்நீர் குடி. இந்த வயதில் என்ன குதியாட்டம்?

சம்மதத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. தபாலில் வராது. டை கட்டிய ஆள் யாரையும் அனுப்பாதே. வேண்டுமானால் நீயே வா. பவுடர் பூசாமல், பாடாமல், போட்டோ பிடிக்கிறவர்களைக் கூட்டாமல் வா. பஸ்ஸை விட்டு இறங்கினால் எட்டிப் பார்க்கிற தூரத்தில்தான் கடை, வழி மறந்திருந்தால் யாரையாவது கேள்.

வந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவேனா, வேறு ஏதாவது செய்வேனா என்று எனக்கே தெரியாது. அதை மட்டும் யாரும் முன்கூட்டி எழுதி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் சம்மதிக்காத
உன் அண்ணன்