காலி நாற்காலிக்கு இரண்டாயிரம் ரூபாய்

கடலூர்,
ஜனவரி 19.

அன்பு மகன் செந்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதிலும் அப்படித்தான் என்று பொய் எழுத எனக்கு வராது. நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்தம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தில் நான் பேசி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ அனுப்பிய பத்தாயிரம் ரூபாயை ஸ்ரீமதியிடம் சொல்லி உன் கணக்குக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன், வந்ததா என்று பார்த்துக்கொள். "அடுத்த வருஷம் முன்சீட்டு டிக்கெட் எடுத்துக்கம்மா, எதுக்கு டென்ஷன்" என்று நீ சொன்ன வார்த்தை மூன்று வாரமாக என் காதிலேயே நிற்கிறது. சிதம்பரத்தில் அன்றைக்கு நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, சொல்ல நீ விடவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அரையாண்டு லீவில் அந்த சபாக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் போடும் நாட்டிய நாடகத்துக்கு உன்னையும் ஸ்ரீமதியையும் பஸ்ஸில் கூட்டிப்போவோமே, அது உனக்கு நினைவிருக்கும். அப்போது ஆளுக்கு இருபது ரூபாய், மடியில் உட்காருகிற பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது. பிறகு ஐம்பது ஆனது, கொரோனா முடிந்த கையோடு இருநூறு, போன வருஷம் நானூறு. இந்த வருஷம் எழுநூற்றைம்பது, முன்னால் மூன்று வரிசை இரண்டாயிரம். அதுவும் போனில்தான் எடுக்க வேண்டுமாம், அதற்குத் தனியாக நாற்பது ரூபாய். விலைவாசி ஏறாத இடம் எது என்று நீ கேட்பாய். சத்துணவில் இருபத்தாறு வருஷம் இருநூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்டவள் நான், விலைவாசி எனக்குத் தெரியாதா. ஆனால் இந்த முறை ஆடுவது நம் ஸ்ரீமதி மகள் இலக்கியா. தாருகாவனத்து நாடகத்தில் ரிஷிகள் சிவன்மேல் ஏவிவிடுகிற மான் அவள்தான். அவள் உடைக்கு வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, மேக்கப்புக்கு எண்ணூறு, எல்லாம் ஸ்ரீமதிதான் கட்டினாள். பெற்றவளும் தன் பிள்ளை ஆடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும் என்றார்கள், மாப்பிள்ளைக்கு டூட்டி என்பதால் ஒரு டிக்கெட் மிச்சம். உன் தங்கை மூக்கால் அழுதுகொண்டே எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டினாள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷனைத் தை மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறார். ஆனால் அன்றைக்குக் காலையிலேயே குளித்து, பொங்கலுக்கு வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பேத்தி எந்தப் பக்கத்திலிருந்து வருவாள் என்று நாலு தடவை கேட்டார். மண்டபத்தில் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், உள்ளே அதே தண்ணீர் அறுபது ரூபாய். எங்கள் இடம் கடைசிக்கு முந்தின வரிசை, அதற்கும் முன்னால் ஒரு தூண். அப்பா தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், மேடையில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றார். விளக்கேற்றி, சால்வை போட்டு, பேசி முடித்து நாடகம் ஆரம்பித்தபோது முன் மூன்று வரிசையில் முக்கால்வாசி காலி. நானே எண்ணினேன், முப்பத்தொன்று. மான் வருகிற நேரம் வந்ததும் அப்பா மெதுவாக எழுந்து போய் மூன்றாவது வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பேட்ஜ் குத்திய ஒருத்தன் வந்து டிக்கெட்டைக் கேட்டு, தோளைப் பிடித்து எழுப்பினான். அத்தனை பேர் பார்க்க எழுப்பினான் செல்வா. உன் அப்பா அவனைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சிக்கப்பா, கண்ணு தெரியல" என்றார். எழுப்பியதைக்கூட நான் விட்டுவிடுவேன், அந்த மன்னிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் என்ன தப்பு செய்தார்?

நான் எழுந்து போய் அவர் எழுந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். செயலாளர் ராஜவேலு என்ற ஆள் குனிந்தபடி ஓடிவந்தார். அது ஸ்பான்சர் கொடுத்தவர்களுடைய சீட்டு, வந்தாலும் வராவிட்டாலும் அவுங்களுதுதான் என்றார். வராதவனுக்கு நாற்காலி எதற்கு என்று கேட்டேன். கலையை வளர்க்கக் காசு வேணாமா, மண்டப வாடகை ஜாஸ்தியாகிவிட்டது, லைட்டுக்காரன் கூலி ஜாஸ்தியாகிவிட்டது என்று அடுக்கினார். அவர் சொன்னதில் பொய் இருக்காது, வாடகை ஏறித்தான் இருக்கும். ஆனால் நான் ஒன்றுதான் கேட்டேன். "அதோ ஆட்றது எம் பேத்தி. அவுளுக்கு நீங்க எவ்ளோ குடுத்தீங்க?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள், என்னைப் பார்த்துத்தான். அதற்குள் ஸ்ரீமதி வந்து என் கையைப் பிடித்தாள். "வாம்மா, அடுத்த வாட்டி புள்ளைய சேக்க மாட்டாங்க" என்றாள். அதனால் எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வந்தேனே என்று இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம். நாங்கள் தூணுக்குப் பின்னால் வந்து சேர்வதற்குள் மான் துள்ளி முடித்து உள்ளே போய்விட்டது. மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் இலக்கியா மை கலையாத கண்ணோடு ஓடிவந்து, "தாத்தா, நான் ரெண்டு சுத்து சுத்துனனே பாத்தியா" என்று கேட்டாள். பார்த்தேன் என்றார் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் போனில் படம் எடுத்திருந்தாலாவது காட்டியிருக்கலாம், அதற்கும் தடை. வீடியோ வேண்டுமென்றால் மூவாயிரம் கட்டி அவர்களிடமே வாங்க வேண்டுமாம்.

மறுநாள் உனக்குப் போன் செய்தேன், நீ பாதியில் நிறுத்திப் பணத்தை அனுப்பினாய். நீ கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார். நீ இரண்டாயிரம் கட்டி அப்பாவை முன்னால் உட்காரவைத்தால் அந்தத் தூணுக்குப் பின்னால் வேறொரு தாத்தா உட்காருவார். அதற்கடுத்த வருஷம் நாலாயிரம் கேட்பார்கள், நீ அதையும் கட்டுவாய். இப்படிக் கட்டுகிற பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தானே விலை வைக்கிறார்கள். ஸ்ரீமதி போல மாதச் சம்பளத்தில் இருக்கிறவள் என்ன செய்வாள்? உன் அப்பாவை ஒருத்தன் எழுப்பினான் என்று சொன்னதும் உனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். டிக்கெட் விலைதான் உன் மனசுக்கு வந்தது. அதுதான் எனக்கு வலி.

பிறகு நடந்ததையும் கேள். நாலு நாள் கழித்து இலக்கியாவின் டான்ஸ் டீச்சர் மோனிகா ஸ்ரீமதியோடு நம் வீட்டுக்கு வந்தது. நான் சண்டைபோட்டதற்குத் திட்டத்தான் வருகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி போட்டேன். அது என்னடாவென்றால், அடுத்த வருஷம் ஆடுகிற பிள்ளை ஒவ்வொருத்தியும் பத்து டிக்கெட் விற்றுத் தர வேண்டும் என்று சபாவில் சொன்னார்களாம், இது முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டதாம். மூன்று மாதம் பிள்ளைகளைப் பழக்கியதற்கு மோனிகாவுக்குச் சபாவில் கொடுத்தது ஐயாயிரம். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்ததையும் எழுந்ததையும் அது மேடை ஓரத்திலிருந்து பார்த்திருக்கிறது. அதே நாடகத்தை இங்கே கடலூரில் ஒரு தடவை போடட்டுமா, இடம் மட்டும் கிடைக்குமா என்று கேட்டது. மீனவர்களின் ஊர் பஞ்சாயத்தில் நானே போய்ப் பேசினேன். காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்கு வருகிற கூட்டத்தைச் சமாளிக்கவே ஆள் போதாது என்று முதலில் முனகினார்கள், பிறகு புயல் பாதுகாப்புக் கட்டடத்து முற்றத்தைக் கொடுத்தார்கள். உடை சபாவுடையது, தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உன் பழைய காவி நிறப் போர்வையை வெட்டித்தான் மானுக்கு உடை தைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் வந்தார்கள், மூன்று வீட்டில் சபாவுக்குப் பயந்து அனுப்பவில்லை, நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்பீக்கர் இரண்டு தடவை நின்றது, ஒரு ரிஷியின் தாடி கழன்று விழுந்தது. வலை பின்னுகிற ஆட்களும் கடலுக்கு வந்த கூட்டமும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெரிய வெற்றி என்று எழுத மாட்டேன். அடுத்த வருஷம் பிள்ளைகளுக்கு மேடை எங்கே கிடைக்கும் என்று மோனிகாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் கோபமும் அப்படியேதான் இருக்கிறது. அந்த ராஜவேலுவுக்கும் ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன், அது இதைவிட நீளம்.

நீ ஏசியை நேராக முதுகில் படும்படி வைத்துக்கொண்டு தூங்காதே. கிடைத்த லீவைச் சேர்த்துவைத்து, பணம் அனுப்புவதற்குப் பதில் நீயே வா. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் அவருக்குப் போன் செய், டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. மான் எப்படி ஆடியது என்று மட்டும் கேள். இரண்டு சுற்று இல்லை, மூன்று சுற்று என்று சொல்லுவார். இந்த முறை அவர் முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் பார்த்தார்.

தில்லை நடராசர் உன்னை எந்த ஊரிலும் தலை குனியாமல் வைத்திருக்கட்டும்.

உன் கோபக்கார அம்மா,
உ. தில்லையம்மாள்