பியூலாவோட முன்பல்லு

என் ஆசை ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போன பிறகு உங்கிட்ட சொல்ல வேண்டியது நிறைய சேர்ந்துபோச்சு. இன்னிக்கு உன் பொண்ணோட பல்லைப் பத்தி மட்டும் எழுதறேன். பயந்துடாதே, நல்ல சேதிதான்.

பியூலா இப்போ ஆம்பூர்ல, என்கூட ஷூ கம்பெனியில தைக்கிறா. கத்தரி எடுக்க நேரமில்லன்னு நாங்க எல்லாருமே நூலைப் பல்லாலதான் கடிக்கிறோம். ஷூ நூல் எவ்ளோ கெட்டின்னு உனக்குத் தெரியும். கடிச்சிக் கடிச்சித் தேஞ்ச மேல் முன்பல்லு ஒருநாள் ஒடைஞ்சி, துண்டு அவ கையில வந்துடுச்சு.

உன் பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா? யார்கிட்டயும் மூச்சு விடாம, ஷூ ஒட்டற சொலூஷனைத் தடவி அந்தத் துண்டை அதே எடத்துல ஒட்டிக்கிட்டா! சாயங்காலம் டீ குடிக்கறப்ப அது கழண்டு டம்ளர்ல விழுந்துச்சு. சூடு பட்டதும் "அம்மா"ன்னு கத்தினா. பக்கத்துல நான்தான் இருந்தேன். கூப்பிட்டது உன்னை.

மறுநாள் காலையில வேலூருக்கு பஸ் ஏறினோம்.

"இது இன்னாம்மா மஞ்சளா ஒட்டியிருக்கு?"ன்னு பல் டாக்டரம்மா கேட்டாங்க.

"சொலூஷன் மேடம். எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

வலியிலயும் வாய் குறையல பாரு, அப்படியே நீதான். டாக்டரம்மா சிரிச்சிட்டு எனக்குக் கண்ணாடியில காட்டினாங்க. ஒடைஞ்ச எடத்துல குண்டூசி முனையாட்டம் ஒரு சிவப்பு. பல்லுக்குள்ள இருக்கற உயிர்ச் சதையாம். நரம்பு, ரத்தம் எல்லாம் அதுலதானாம்.

"அதை மொத்தமா எடுத்துட்டு வேர் சிகிச்சை பண்ணலாம். பல்லு நிக்கும், உயிர் இருக்காது. இல்லன்னா லேசர்ல சுத்தம் பண்ணி, மருந்து சிமெண்ட் வச்சி மூடிப் பார்க்கலாம். உள்ள ஆறினாலும் ஆறும், ஆறாமலும் போகும்"னாங்க.

"நீயே சொல்லு சித்தி"ன்னு பியூலா என் மூஞ்சையே பார்த்தா.

நம்ம வீட்டுல வலின்னா பிடுங்கிப் போடறதுதானே வழக்கம்? நீ இருந்தா இன்னா சொல்லியிருப்பே அக்கா? எனக்கு இன்னும் தெரியல. "மூடிப் பாருங்க மேடம்"னுட்டேன்.

எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாங்க. பேனா மாதிரி ஒண்ணை அந்தச் சிவப்பு மேல காட்டினாங்க, ரத்தம் நின்னுச்சு. சாம்பல் நிறப் பொடியைக் குழைச்சி, ஈர்க்குச்சியால வைக்கிற மாதிரி கொஞ்சூண்டு வச்சி, மேல பல்லு நிறத்துல பூசினாங்க.

அப்புறம் தினமும் எழுந்ததும் அவ உதட்டைத் தூக்கிப் பார்க்கறதே என் வேலையாச்சு. கறுத்துடுச்சா, வீங்கிடுச்சா? "நான் இன்னா சந்தை மாடா சித்தி?"ன்னு திட்டுவா.

போன வாரம் திரும்பப் போனோம். டாக்டரம்மா ஜில்லுனு ஒரு பஞ்சை அந்தப் பல்லு மேல வச்சாங்க. பியூலா சும்மா இருந்தா. கூசலன்னா உள்ள செத்துடுச்சுன்னு அர்த்தமாம். திடீர்னு, "ஐயோ, கூசுது!"ன்னு துள்ளினா.

"பஞ்சை எடுத்ததும் கூச்சம் போயிடுச்சா?"

"போயிடுச்சு மேடம்."

"அப்போ உயிரோட இருக்கு"ன்னாங்க.

வெளிய வந்து அழுதுட்டேன். "பல்லு என்னுது, நீ ஏன் சித்தி அழறே?"ன்றா. உனக்காக ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னப்ப, டாக்டருங்க வெளிய வந்து ஒரு தடவைகூட எங்கிட்ட அப்படிச் சொல்லலையே அக்கா.

கொஞ்ச நாள் கழிச்சி பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணுமாம். லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போவேன். நீ நிம்மதியாத் தூங்கு.

உன் இடுப்புல வளர்ந்த தங்கச்சி,
ரூத்து