தலையில் உட்காராத வெள்ளி விக்

அக்கா,

தட்டினால் நீ கதவைத் திறப்பதில்லை. அதனால்தான் இதை எழுதிக் கதவுக்கு அடியில் செருகுகிறேன்.

யூடியூப் லைவில் முகம் காட்டாமல் நீ குரல் கொடுக்கிறாயே, அந்த வெள்ளிமுடி கார்ட்டூன் பெண்ணாக வேஷம் போட்டு, நாளைக்குத் திருச்சியில் உன் ரசிகர்கள் முன்னால் என்னை நிற்கச் சொன்னாய். சரி என்றேன். முதல் விக் போட்டோவில் நீலமாக விழுந்தது. அடுத்தது ஃபிளாஷ் பட்டதும் எவர்சில்வர் குடம் மாதிரி மின்னியது. அதைக் கொடியில் போட்டு வைத்தேன். நம் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைத் தூசி படிந்து பளபளப்பு அடங்கி, படத்தில் அசல் முடியாகவே தெரிந்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? "ஒரே தூசியா கெடந்துச்சுடி, ஷாம்பு போட்டு அலசிட்டேன்" என்கிறாள். மறுபடியும் குடம்! பவுடர் தட்டித் தட்டி இப்போதுதான் அடக்கினேன்.

அப்படியும் உனக்குத் திருப்தியில்லை. "மண்டையோட ஒட்டி உக்காரணும்" என்று உள்ளேயிருந்தே மெசேஜ் அனுப்புகிறாய். எப்படி உட்காரும்? என் சடையை எப்படிச் சுருட்டினாலும் விக் மேலே தூக்கிக்கொள்கிறது. எல்லாப் படத்திலும் பூசணிக்காய்த் தலை.

மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனதிலிருந்து நீ முக்காட்டை எடுக்கவில்லை. பாத்ரூமில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் உன் முடியை நான்தான் அள்ளிப் போடுகிறேன். எதுவும் கேட்டேனா?

விக்கை உன் வாசலில் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அது ஒட்டி உட்காரும் தலை ஒன்றுதான் இருக்கிறது. காலையில் கிளம்பி வா. போட்டோவை நான் எடுக்கிறேன்.

கோபம் தீராத
உன் தங்கை